பிரண்டை: வேலியில் அடையாளம் காண்பது முதல் நமைச்சல் இல்லாத துவையல் வரை

பிரண்டைத் துவையலை ஒரே ஒரு முறை செய்து பார்த்துவிட்டு, "தொண்டையெல்லாம் அரிக்கிறது, இனி இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்று விலகிப்போனவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், சேர்த்த பொருள்கள் எல்லாம் சரியாகவே இருக்கும். வரிசை மாறியிருக்கும். நறுக்கிவிட்டுக் கழுவியிருப்பார்கள், முற்றிய தண்டைப் பறித்திருப்பார்கள், அரை வதக்கலில் அடுப்பை அணைத்திருப்பார்கள். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, அது ஏன் அப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

1. பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெயரே இந்தக் கொடியின் அடையாளத்தைச் சொல்கிறது. தாவரவியலில் இதற்கு சிசஸ் குவாட்ராங்குலாரிஸ் என்று பெயர். இரண்டாம் சொல்லுக்கு நாற்கோணம் கொண்டது என்று பொருள். தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டைகள் கையில் தட்டுப்படும். மலையாளத்தில் சங்ஙலம்பரண்ட என்கிறார்கள். கணுக்கணுவாக, சங்கிலி கோத்ததுபோல் தண்டு நீள்வதால் வந்த பெயர் அது. தெலுங்கில் நல்லேறு, இந்தியில் ஹட்ஜோட். ஹட்ஜோட் என்றால் எலும்பை ஒட்டுவது. வடமொழியில் வஜ்ரவல்லி. நாட்டு மருந்துக் கடையில் பிரண்டை என்று கேட்டாலே போதும்.

பிரண்டையில் வகைகள் உண்டு. மூன்று பட்டை உள்ளது முப்பிரண்டை. தண்டு தட்டையாக இருப்பதை ஓலைப் பிரண்டை என்பார்கள், உருண்டையாக இருப்பதை உருட்டுப் பிரண்டை என்பார்கள். சமையலுக்கு நமக்கு வேண்டியது நான்கு பட்டைப் பிரண்டை. முப்பிரண்டை அரிதாகக் கிடைப்பது, வைத்தியர்கள் தேடுவது. அதை வேலியில் கண்டால் பறிக்காமல் விட்டுவிடுங்கள்.

2. கள்ளியா, பிரண்டையா என்று உறுதி செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக்கொண்டு போகவே கூடாது. பட்டை பட்டையாக, சதைப்பற்றோடு, பச்சையாக இருக்கும் வேறு செடிகளும் அதே வேலியில்தான் வளர்கின்றன. அவற்றில் சதுரக்கள்ளி நஞ்சு.

முதலில் பாலைப் பாருங்கள். கொடியின் ஒரு துண்டை ஒடித்தால் பிரண்டையில் நிறமற்ற, கொழகொழப்பான நீர் கசியும். வெள்ளையாகப் பால் வந்தால் அது கள்ளி. உடனே கீழே போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கள்ளிப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அடுத்தது பற்றுக்கம்பி. பிரண்டை திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. திராட்சைக் கொடியில் இருப்பதுபோலவே இதிலும் கணுவில், இலைக்கு எதிர்ப்புறமாக, சுருள் சுருளான பற்றுக்கம்பி இருக்கும். கள்ளிக்கு அது கிடையாது, முள்தான் இருக்கும்.

கல்லும் வறட்சியுமான கரட்டு நிலங்களில் கள்ளிமுளையான் என்று இன்னொன்று வளரும். அதுவும் நான்கு பட்டைதான், அதைத் துவையல் அரைத்து உண்பவர்களும் உண்டு. ஆனால் அது கொடியாகப் படராது. தரையிலிருந்து குட்டையாக நிமிர்ந்து நிற்கும். எது எதுவென்று ஐயம் இருந்தால், முதல் முறை ஊரில் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது சந்தையில் கீரை விற்கும் அம்மாவிடம் ஒரு கட்டு வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இலையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பிரண்டையின் இலை இளந்தண்டில்தான் இருக்கும், முற்றிய தண்டு மொட்டையாக நிற்கும். கொடியில் சிறு சிறு பழங்கள் சிவந்து தொங்கும். அவற்றை வாயில் வைக்கக் கூடாது, குழந்தைகள் கூட வந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

3. பறிக்கப் போகும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

நல்லெண்ணெய், கல் உப்பு, பழைய புளி, ஒரு சிறு கத்தி, ஒரு துணிப்பை, கையுறை. கையுறை இல்லையென்றால் இரண்டு பிளாஸ்டிக் பைகளைக் கையில் மாட்டிக்கொள்ளலாம்.

புளியை வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள். பிரண்டையைப் பறித்துவந்து நறுக்கி வைத்த பிறகு புளி இல்லை என்று எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புளியை எண்ணெயில் சேர்த்து வதக்கும்போது கிடைக்கிற பலன், இறக்கிய பின் பிழியும் எலுமிச்சையில் கிடைப்பதில்லை.

4. எந்த இடத்தில், எந்தக் கணு வரை பறிப்பது

மழை பெய்து இரண்டு மூன்று வாரம் கழித்துப் புதுத் துளிர் நீளும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊர்களில் கார்த்திகை, மார்கழி, தை மாதங்கள் நல்ல காலம். கோடையிலும் கொடி இருக்கும், ஆனால் நாராக இருக்கும்.

சாலையோரப் புகை படும் வேலி வேண்டாம். பூச்சிமருந்து அடிக்கும் வயலின் வரப்பும் வேண்டாம், சாக்கடையை ஒட்டிய சுவரும் வேண்டாம். தண்டு நிறைய நீரைத் தேக்கிவைக்கும் செடி இது. வேர் நிற்கும் மண்ணில் என்ன இருக்கிறதோ அதைத்தான் நாமும் சாப்பிடப்போகிறோம்.

கொடியின் நுனியிலிருந்து மூன்று, மிஞ்சினால் நான்கு கணு வரைதான் பிஞ்சு. நகத்தால் பட்டையின் விளிம்பைக் கீறிப் பாருங்கள். நகம் வழுக்காமல் இறங்கினால் பிஞ்சு. பிறகு கணுவில் ஒடித்துப் பாருங்கள். பட்டென்று ஒடிய வேண்டும். நார் இழுத்துக்கொண்டு தொங்கினால் அது முற்றல், அதற்குக் கீழே பறிக்க வேண்டாம்.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். நுனித் துளிர் மெலிந்து, கைக்கு அடங்காத அளவு சிறியதாக இருக்கும். அடியில் இருக்கும் தண்டோ கொழுத்து, பச்சைப்பசேலென்று, இதில் சத்து அதிகம் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அந்தக் கொழுத்த தண்டில் நாரும் நமைச்சலும்தான் அதிகம்.

பறிக்கும்போதே கணுவை ஒட்டிக் கத்தியால் வெட்டுங்கள். பிடித்து இழுத்தால் கொடி வேலியிலிருந்து மொத்தமாகச் சரிந்துவிடும். ஒரு கொடியில் எல்லா நுனிகளையும் எடுத்துவிடாதீர்கள். பாதியை விட்டால்தான் அடுத்த மாதம் அங்கே மறுபடி பறிக்க முடியும்.

நால்வருக்கு ஒரு வேளைத் துவையலுக்கு 200 கிராம் பறித்தால் போதும். கணுவும் நாரும் பற்றுக்கம்பியும் போக 100 கிராம் அளவுக்குத் தேறும்.

5. கழுவுங்கள், பிறகு எண்ணெய், பிறகுதான் கத்தி

இந்த மூன்றின் வரிசை மாறக் கூடாது.

முழுத் தண்டாக இருக்கும்போதே இரண்டு தண்ணீரில் அலசுங்கள். பட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் மண்ணும் சிறு பூச்சிகளும் ஒட்டியிருக்கும். நறுக்கிய பிறகு கழுவினால் வெட்டுவாயில் கசியும் சாறு தண்ணீரில் கலந்து கை முழுவதும் பரவும். அந்தச் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் எனப்படும் உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக இருக்கிறது. சேனையும் சேப்பங்கிழங்கும் அரிப்பதற்கும் இதே ஊசிகள்தான் காரணம். ஊசி தோலில் குத்துவதைத்தான் நாம் நமைச்சல் என்கிறோம்.

அலசிய தண்டைத் துணியில் பரப்பி ஈரத்தைத் துடையுங்கள். இப்போது உள்ளங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு வரை நல்லெண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். மணிக்கட்டை மறப்பவர்கள் அதிகம்; தோல் மெல்லியதாக இருப்பதால் அங்கேதான் முதலில் அரிக்கும். எண்ணெய்ப் படலம் சாறு நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது. ஈரக் கையில் எண்ணெய் ஒட்டாது என்பதால்தான் துடைக்கச் சொன்னேன்.

பிறகு ஒவ்வொரு கணுவாக ஒடியுங்கள். அவரைக்காயில் நார் எடுப்பதுபோல, ஒடித்த இடத்திலிருந்து விளிம்போடு நாரை இழுத்தால் நான்கு பக்கமும் உரிந்து வரும். மிகப் பிஞ்சாக இருந்தால் நாரே வராது. அதை அப்படியே விடலாம். கணுக்களைத் தனியே வெட்டி எறிந்துவிடுங்கள். கணு எவ்வளவு வதக்கினாலும் மென்மையாகாது, அம்மியிலும் மிக்ஸியிலும் சரியாக அரைபடாது. இலையையும் பற்றுக்கம்பியையும் கழித்துவிடலாம். சில வீடுகளில் கொழுந்து இலையைச் சேர்ப்பார்கள். முதல் முறை செய்பவர்கள் சேர்க்காமல் இருப்பது நல்லது.

கடைசியாக, சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பொடியாக நறுக்குங்கள். பெரிய துண்டு வெளியே கருகியும் உள்ளே பச்சையாகவும் நிற்கும். இத்தனை படிகளைத் தாண்டியும் துவையல் அரிப்பதற்குப் பெரும்பாலும் இந்தப் பெரிய துண்டுதான் காரணமாக இருக்கும்.

கை அரித்தால் பதறிப்போய்த் தண்ணீரில் தேய்க்காதீர்கள். புளியைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, அரிக்கும் இடத்தில் பூசி, சற்று நேரம் விட்டுக் கழுவுங்கள். அதற்கு மேல் நல்லெண்ணெய். கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் புளியும் கூடாது, எண்ணெயும் கூடாது. ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

6. வதக்குதல்: அவசரப்படக் கூடாத இடம்

100 கிராம் நறுக்கிய பிரண்டைக்கு மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, நான்கைந்து வற்றல் மிளகாய், பெரிய நெல்லிக்காய் அளவு புளி, சிறு துண்டுப் பெருங்காயம், தேவையான கல் உப்பு. விரும்பினால் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல்.

முதலில் ஒரு கரண்டி எண்ணெயில் பெருங்காயத்தைப் பொரித்து எடுங்கள். அதே எண்ணெயில் உளுத்தம்பருப்பு பொன்னிறமாகும் வரை வறுத்து, மிளகாயையும் சேர்த்துப் புரட்டித் தனியே எடுத்து வையுங்கள். பிரண்டையோடு பருப்பைச் சேர்த்து வறுக்கக் கூடாது. பிரண்டை நீர் விடும். அந்த நீரில் பருப்பு வெந்து பசையாகிவிடும், துவையலின் கரகரப்பு போய்விடும்.

இப்போது மீதி எண்ணெயை ஊற்றிப் பிரண்டையைப் போடுங்கள். முதல் மூன்று நான்கு நிமிடம் நீர் விட்டுக் கொழகொழவென்று இருக்கும். இதைப் பார்த்துவிட்டு வெந்துவிட்டது என்று இறக்குபவர்கள்தான் தொண்டை அரித்தது என்று சொல்பவர்கள். தீயைக் குறைத்துத் தொடர்ந்து வதக்குங்கள். நீர் வற்றும், துண்டுகள் சுருங்கும், பளிச்சென்ற பச்சை மங்கிப் பழுப்பு கலந்த பச்சையாக மாறும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும். எல்லாம் சேர்த்துப் பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம் ஆகும். கடிகாரத்தைவிட நிறத்தை நம்புங்கள். ஒரு துண்டை எடுத்துக் கரண்டியால் அழுத்தினால் நீர் கசியக் கூடாது.

நிறம் மாறிய பிறகு புளியைப் பிய்த்துப் போட்டு, இன்னும் இரண்டு நிமிடம் பிரண்டையோடு புரட்டுங்கள். புளிப்பு சேர்ந்தால்தான் மிச்சமிருக்கும் நமைச்சல் அடங்குகிறது. சேனைக்கும் கருணைக்கும் நம் வீடுகளில் புளி சேர்ப்பது இதற்காகத்தான். ஆனால் புளியை ஆரம்பத்திலேயே போட்டுவிட்டால் வாணலியில் ஒட்டிக் கருகும், பிரண்டை வதங்காது.

எண்ணெயைக் குறைக்கலாமா என்று கேட்பார்கள். இந்த ஒரு சமையலில் குறைக்காதீர்கள்.

7. ஆறவிட்டு அரைத்தல்

எல்லாம் முழுதாக ஆற வேண்டும். சூடாக மிக்ஸியில் போட்டால் ஆவியில் நீர்த்துப்போகும்.

முதலில் பருப்பு, மிளகாய், பெருங்காயம், உப்பு. இவற்றைத் தண்ணீர் இல்லாமல் ஒன்றிரண்டாகப் பொடித்துக்கொள்ளுங்கள். பிறகு தேங்காய் சேர்ப்பதாக இருந்தால் தேங்காய். கடைசியில் பிரண்டையும் புளியும் சேர்த்து, தண்ணீரை இரண்டு கரண்டிக்கு மேல் போகாமல் தெளித்து அரையுங்கள். அம்மி இருந்தால் மிக நல்லது. நார் எங்கே சிக்குகிறது என்று கைக்குத் தெரியும், அதை அப்போதே எடுத்துவிடலாம்.

அரைத்தவுடன் பரிமாறாதீர்கள். குன்றிமணி அளவு எடுத்து நாக்கின் நுனியில் வைத்து, ஐந்து நிமிடம் காத்திருங்கள். பிரண்டையின் அரிப்பு உடனே தெரியாது, கொஞ்சம் தாமதித்துத்தான் வரும். அரித்தால் துவையலை மறுபடி வாணலியில் போட்டு, ஒரு கரண்டி எண்ணெயும் கெட்டியான புளிக்கரைசலும் சேர்த்துச் சுருள வதக்குங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் அரித்தால் தண்டு முற்றல் என்று பொருள். மனம் கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.

சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டு, நெல்லிக்காய் அளவு துவையல். முதல் முறை சாப்பிடுபவர்களுக்கு அதில் பாதி போதும். வாரத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் என்பதே வீட்டு வழக்கம்.

பல வீடுகளில் திவசச் சமையலில் இந்தத் துவையல் கட்டாயம் உண்டு. பாகற்காய் நூறு கறிக்கும், பிரண்டை முந்நூறு கறிக்கும், பலாக்காய் அறுநூறு கறிக்கும் ஈடு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அன்றைக்கு வற்றல் மிளகாயும் பெருங்காயமும் சேர்ப்பதில்லை, காரத்துக்கு மிளகுதான். வயிறு நலிந்தவர்களுக்கு அந்த மிளகுச் செய்முறையே ஏற்றது என்பது என் அனுபவம்.

8. மரபில் எதற்கெல்லாம் தருகிறார்கள்

பசியின்மை, செரியாமை, வயிற்றுப் பொருமல், மூலம். வீட்டு வழக்கத்தில் பிரண்டை முதலில் வயிற்றுக்கான உணவு. காய்ச்சலில் கிடந்து எழுந்து, வாய் கசந்து சோறு இறங்காதவர்களுக்கு இந்தத் துவையலைத்தான் முதலில் கொடுப்பார்கள்.

அப்பளத்துக்கு உளுத்தமாவு பிசையும்போது பிரண்டைச் சாறு சேர்ப்பதும் பழைய வழக்கம். இளந்தண்டை உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து எடுத்தால் வற்றல். மோர்மிளகாய்போல எண்ணெயில் பொரித்துச் சாப்பிடுவது அது. வெயிலில் காய்ந்துவிட்டதே என்று பொரிக்காமல் பொடி செய்யாதீர்கள். காய்ந்தால் ஊசிகள் மறைந்துவிடாது.

பிரண்டை உப்பு என்பது வேறு. காய்ந்த கொடியை எரித்து, சாம்பலை நீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரைக் காய்ச்சி எடுப்பது. அதைச் சித்த மருத்துவர் அளந்து தர வேண்டும். செடிச் சாம்பலில் எடுக்கும் உப்பில் பொட்டாசியம் கூடுதலாக இருக்கும்; சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது ஆபத்து. வீட்டில் செய்து பார்க்கும் வேலை இல்லை.

எலும்பு முறிவுக்குப் பிரண்டையை அரைத்துப் பற்றுப் போடுவது ஹட்ஜோட் என்ற பெயரிலேயே இருக்கிறது. எலும்பு கூடுவதில் இதன் பங்கைப் பற்றிய ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஆனால் விழுந்து கை வீங்கினால் முதலில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பை நேர்படுத்திக் கட்டுப்போட வேண்டும். இடம் விலகிய எலும்பு விலகிய நிலையிலேயே கூடிவிட்டால் கை வாழ்நாள் முழுவதும் கோணலாக நிற்கும். எந்தப் பற்றாலும் அதை நிமிர்த்த முடியாது. பற்று வேண்டும் என்றால் கட்டுப் பிரித்த பிறகு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போடலாம். அதிலும் பச்சையாக அரைத்ததைத் தோலில் வைத்துக் கட்டினால் கொப்புளம் வரும். எண்ணெயில் வதக்கித்தான் வைக்க வேண்டும்.

பச்சைச் சாற்றைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லும் காணொளிகள் இப்போது கண்ணில் படுகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். வாயும் உணவுக்குழாயும் புண்ணாகும்.

9. யார் தவிர்க்க வேண்டும்

சிறுநீரகக் கல் இருப்பவர்கள், வந்து போனவர்கள். இந்தக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்தான் என்பதால் அதே பொருளை மேலும் சேர்க்க வேண்டாம். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்ப்பது நல்லது. சர்க்கரை நோய்க்கோ இரத்தம் உறையாமல் இருக்கவோ தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நான் கொடுப்பதில்லை. தொண்டை அரிக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது.

மூலம் என்று நினைத்துப் பிரண்டையைத் தேடி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. மலத்தில் இரத்தம் போனால் அதற்கு வேறு காரணங்களும் உண்டு. பரிசோதித்துப் பார்த்துவிட்டு வாருங்கள், துவையல் காத்திருக்கும்.

10. மிச்சத்தை வைப்பதும் கொடியை வளர்ப்பதும்

தேங்காய் சேர்க்காத துவையல் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். மேலே எண்ணெய் மிதக்க வேண்டும், ஈரக் கரண்டி போடக் கூடாது. தேங்காய் சேர்த்தது அன்றைக்கே தீர வேண்டும். நறுக்காத தண்டு வெளியிலேயே மூன்று நாள் வாடாமல் கிடக்கும். நறுக்கியதை வைக்காதீர்கள், கறுத்துப்போகும்.

சமைக்க உதவாத முற்றிய தண்டு கையில் மிஞ்சியிருந்தால் எறிய வேண்டாம். இரண்டு கணு உள்ள துண்டாக வெட்டி, வெட்டுவாய் காய்வதற்கு இரண்டு நாள் நிழலில் போட்டுவையுங்கள். ஈரமாக நட்டால் அழுகிவிடும். ஒரு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே இருக்கும்படி தொட்டியில் நட்டு, மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். மணல் கலந்த மண்ணும் வெயிலும் ஒரு பற்றுக்கம்பும் போதும். மாடிச் சுவரில்கூட ஏறும். முதல் ஆண்டு நுனியைக் கிள்ளாமல் விட்டால் அடுத்த மழைக்காலத்தில் வேலி தேடிப் போக வேண்டியிருக்காது.